வண்டிக்கு ஊட்டுவது எது? கார்புரேட்டரும் எஃப்.ஐ. முறையும்

பொழுது புலரும் முன்னரே தொடங்குவது பால்வெட்டுத் தொழில். வெயில் ஏற ஏற மரத்தின் பால் ஓட்டம் தளர்ந்துவிடும் என்பதை நம் வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த விடியற்காலையில் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் பத்து முறை உதைத்தும் மசியாமல் நின்றுவிடுமானால், நிரைக்குப் போய்ச் சேர்வது தாமதமாகும்; மங்குகளில் பால் குறையும்; மாதக் கடைசியில் அந்தக் குறைவு சம்பளத்தில் தெரியும். ஆகவே, வண்டியின் இயந்திரத்திற்குப் பெட்ரோல் எவ்வாறு போய்ச் சேர்கிறது என்பது பட்டறைக்காரர் மட்டும் அறிந்திருக்க வேண்டிய செய்தியன்று.

அண்மையில் பேரா மாநிலத்தில் ஒரு தோட்டத்து மண்டபத்தில் நாம் தொழிலாளர்களைச் சந்தித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, ஐம்பது வயது மதிக்கத்தக்க பால்வெட்டுத் தொழிலாளர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, எங்கள் மேட்டுக்காட்டில் பால் ஏற்றுவதற்கு நான்கு சக்கர ஏ.டி.வி. வண்டி ஒன்று புதிதாக வந்திருக்கிறது. எஃப்.ஐ. வண்டி என்கிறார்கள். அதை ஓட்டுபவர்களில் நானும் ஒருவன். என் சொந்த மோட்டாரோ பழைய கார்பு வண்டி. கார்பு வண்டிக்கு இனிக் காலம் இல்லை, தள்ளிவிட்டுத் தவணையில் புதிது எடுங்கள் என்று கடையில் சொல்கிறார்கள். எடுக்கத்தான் வேண்டுமா?"

அன்று நாம் நான்கு வரியில் விடை சொல்லிவிட்டு வந்தோம். வழியெல்லாம் அந்த விடை போதாது என்றே தோன்றியது. தவணை என்பது பல ஆண்டுகள் மாதந்தோறும் கட்ட வேண்டிய பணம். அவருக்குச் சொல்ல வேண்டியதை முழுமையாகச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இயந்திரம் உண்பது என்ன?

இயந்திரம் பெட்ரோலை உண்டு ஓடுகிறது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் அது மிகுதியாக உண்பது காற்றையே. ஒரு கிலோ பெட்ரோல் குறைவின்றி எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இதை அளவாகக் கணக்கிட்டால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று தேவைப்படுகிறது. 200 லிட்டர் கொள்ளும் எண்ணெய்ப் பீப்பாய்களை வரிசையாக நிறுத்தினால் நாற்பத்தைந்து பீப்பாய்க் காற்று!

பாலை உறைய வைக்கும்போது அமிலத்தை அளந்து ஊற்றுகிறோம். குறைந்தால் பால் சரியாக உறையாது. மிகுந்தால் ரப்பரின் தரம் கெடும். இயந்திரத்திற்குள் செல்லும் கலவையும் அத்தகையதே. பெட்ரோல் மிகுந்தால் புகை கருக்கும், பிளக்கில் கரி படியும், எண்ணெய்ச் செலவு ஏறும். பெட்ரோல் குறைந்தால் இயந்திரம் இருமும், இழுக்காது, அளவுக்கு மீறிச் சூடேறும். வண்டி நிற்கும்போது ஓர் அளவு, சுமையோடு மேடேறும்போது வேறோர் அளவு, காலைக் குளிரில் இன்னோர் அளவு. இந்த அளவுகளை நொடிக்கு நொடி மாற்றி ஊட்டும் வேலையைத்தான் பழைய வண்டியில் கார்புரேட்டரும், புதிய வண்டியில் எஃப்.ஐ. எனப்படும் எரிபொருள் செலுத்து முறையும் செய்கின்றன.

கொசு மருந்துப் பம்பும் கார்புரேட்டரும்

முன்பு வீடுகளில் கொசு மருந்து அடிக்கப் பயன்பட்ட தகரக் கைப்பம்பை நம் வாசகர்களில் மூத்தவர்கள் நன்கறிவர். கைப்பிடியைத் தள்ளினால் காற்று ஒரு சிறு துளை வழியாக விரைந்து வெளியேறும். அந்தத் துளைக்கு முன்னால், டப்பாவிலுள்ள மருந்துக்குள் இறங்கிய மெல்லிய குழாயின் வாய் இருக்கும். காற்று அந்த வாயைக் கடந்து விரையும்போது மருந்து தானாகவே மேலேறிப் புகைபோலச் சிதறும். மருந்தை மேலே தள்ளுவதற்கு வேறு கருவி எதுவும் அதில் இல்லை.

கார்புரேட்டரும் இப்படித்தான் வேலை செய்கிறது. இயந்திரம் மூச்சை உள்ளிழுக்கும்போது காற்று கார்புரேட்டரின் குறுகிய தொண்டை வழியாகப் பாய்கிறது. குறுகிய இடத்தில் காற்றின் வேகம் கூடுகிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. குழாயில் ஓடும் நீரைக் கொண்டு இந்த இயல்பை 1797-ஆம் ஆண்டில் விளக்கியவர் வெஞ்சுரி என்ற இத்தாலிய அறிஞர். அதனால் அந்தத் தொண்டைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. அழுத்தம் குறைந்த அவ்விடத்தில் பெட்ரோல் தானே மேலெழுந்து காற்றோடு கலக்கிறது. இவ்வாறு பெட்ரோலைத் தெளிக்கும் கார்புரேட்டரை 1893-ல் ஜெர்மனியில் மேபாக் என்ற பொறியாளர் உருவாக்கினார்.

கார்புரேட்டரின் அடியில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. அதில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் மிதவைக் குண்டு மேலெழுந்ததும் குழாய் அடைபடுவதுபோல, இந்தக் கிண்ணத்திலும் ஒரு மிதவையும் ஓர் ஊசியும் இருந்து அந்த மட்டத்தைக் காக்கின்றன. கிண்ணத்திலிருந்து பெட்ரோல் மேலேறும் பித்தளைத் துளைகளைப் பட்டறையில் ஜெட் என்பர். வண்டி வேகமாக ஓடும்போது பெரிய ஜெட்டும், நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது சிறிய ஜெட்டும் வேலை செய்யும். அந்தச் சிறிய ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. காலையில் வண்டி உயிர்பெற மறுத்தாலும், கைப்பிடியை விட்டதும் அணைந்துபோனாலும் முதலில் ஐயுற வேண்டியது இத்துளையைத்தான்.

பல வாரங்கள் ஓட்டாமல் நிறுத்திய வண்டியின் கிண்ணத்திலுள்ள பெட்ரோல் ஆவியாகிக் குறையும். எஞ்சியது பிசினாகித் துளையை அடைக்கும். தீபாவளி விடுமுறைக்கு ஊருக்குச் சென்று திரும்பியவர்களின் வண்டிகள் அடம்பிடிப்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். நெடுநாள் வெளியூர் செல்வதானால், பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டுக் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி அதிலுள்ளதை வடித்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை. வடிக்கும்போது அருகில் சிகரெட்டோ சாமிவிளக்கோ எரியக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டுமா? சொல்லித்தான் ஆக வேண்டும். லயத்து முன்வாசலில் வைத்து வடிப்பவர்களை நாமே பார்த்திருக்கிறோம்.

அடைபட்ட ஜெட்டைக் கம்பியால் குத்துவது இன்னொரு தவறு. பித்தளை மென்மையானது, துளை சிறிது அகன்றாலும் கலவையின் அளவு நிலையாகக் கெட்டுவிடும். ஜெட்டை வாயில் வைத்து ஊதுவதும், பெட்ரோலைக் குழாய் வைத்து வாயால் உறிஞ்சுவதும் உயிருக்கே ஆபத்து. நுரையீரலுக்குள் போகும் சில துளி பெட்ரோல்கூட மூச்சை முடக்கும். தவறி விழுங்கியவரை வாந்தியெடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மேட்டுக்காட்டில் வரும் சிக்கல்

சமநிலத்தில் ஓடும் மோட்டார் சைக்கிளுக்குக் கார்புரேட்டர் நல்ல துணைவன். நான்கு சக்கர ஏ.டி.வி. வண்டியின் வாழ்க்கையோ வேறு. அது சரிவில் ஏறும், பக்கவாட்டில் சாயும், கல்லிலும் வேரிலும் குதிக்கும், ஓடையில் இறங்கும்.

ஒரு மங்கில் பாதியளவு பாலை வைத்துக்கொண்டு மங்கைச் சாய்த்துப் பாருங்கள். ஒரு பக்கம் பால் விளிம்பைத் தொடும். மறுபக்கம் அடி தெரியும். செங்குத்தான சரிவில் கார்புரேட்டரின் கிண்ணத்திற்குள்ளும் இதுவே நிகழ்கிறது. ஜெட் இருக்கும் பக்கம் பெட்ரோல் தாழ்ந்தால் இயந்திரம் பட்டினியால் இருமுகிறது. உயர்ந்தால் மூச்சுத் திணறுகிறது. சில வேளைகளில் மிதவை தன் வேலையைச் செய்ய முடியாமல் பெட்ரோல் வழிந்து வெளியேறுகிறது. பாரம் ஏற்றிய வண்டி மேட்டின் நடுவில் அணைந்து பின்னோக்கி உருளத் தொடங்கினால் விளைவு என்னவாகும் என்பதை ஓட்டுநர் அறிவார். ஏ.டி.வி. வண்டிகளில் புதிய முறை வரவேற்கப்பட்டதற்கு, நம் கருத்தில், எண்ணெய்ச் சிக்கனத்தைவிட இதுவே வலுவான காரணம்.

உயரமான இடங்களில் காற்றின் அடர்த்தி குறைந்து கார்புரேட்டரின் கலவை கொழுத்துப்போகும் என்றும் சொல்வார்கள். உண்மைதான். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் அது கவனிக்கத்தக்கது. ரப்பர் பயிராவது பெரும்பாலும் தாழ்நிலத்தில் ஆதலால் நமக்கு அது பெரிய செய்தியன்று.

முதுகில் சுமக்கும் மருந்துப் பம்பும் எஃப்.ஐ. முறையும்

களைக்கொல்லி தெளிப்பவர்கள் முதுகில் சுமக்கும் பம்பை நினைவுகூர்வோம். அதன் நெம்பை அசைத்து உள்ளே அழுத்தம் ஏற்றி வைக்கிறோம். கையிலுள்ள விசையை அழுத்தும்போது மட்டும் மருந்து நுண்துளியாகப் பாய்கிறது, விட்டதும் நிற்கிறது. எவ்வளவு மருந்து வெளியேறும் என்பது, எவ்வளவு நேரம் விசையை அழுத்தினோம் என்பதைப் பொறுத்தது.

எஃப்.ஐ. முறையின் அடிப்படை இதுதான். பெட்ரோல் தொட்டிக்குள்ளோ அதை ஒட்டியோ ஒரு மின்பம்பு இருந்து, பெட்ரோலைக் காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அழுத்தத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். குழாயின் முனையில் உள்ள இன்ஜெக்டர் என்ற சிறு மின்வால்வு திறந்து மூடும். நிமிடத்திற்கு 6,000 சுற்று ஓடும் நான்கு வீச்சு இயந்திரத்தில், இன்ஜெக்டர் ஒரு நொடிக்கு ஐம்பது முறை திறந்து மூட வேண்டும். ஒவ்வொரு முறையும் அது திறந்திருப்பது ஆயிரத்தில் சில பங்கு நொடியே.

எவ்வளவு நேரம் திறப்பது என்று முடிவு செய்வது யார்? வண்டியின் இருக்கைக்கடியில் அல்லது பக்கத்தில் உள்ள ஒரு சிறு கணினிப் பெட்டி. அதற்குக் கண்ணும் காதும்போலப் பல உணரிகள் உண்டு. கைப்பிடியை எவ்வளவு முறுக்கினோம், உள்ளே வரும் காற்றின் அழுத்தமும் வெப்பமும் என்ன, இயந்திரம் எவ்வளவு சூடாக இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் சுழல்கிறது என்று அவை ஓயாமல் தெரிவிக்கின்றன. பல வண்டிகளில் புகைக்குழாயிலும் ஓர் உணரி இருந்து, எரிந்தபின் மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்த்து, "பெட்ரோல் சற்றே மிகுதி, குறைத்துக்கொள்" என்று பெட்டிக்குச் சொல்லும். குளிர்ந்த காலையில் சோக்கை இழுப்பது கார்பு வண்டிக்காரரின் வேலை, எஃப்.ஐ. வண்டியில் கணினிப் பெட்டியே அதைச் செய்துகொள்கிறது. இறக்கத்தில் கைப்பிடியை விட்டு இறங்கும்போது பல வண்டிகளில் பெட்ரோல் அறவே நிறுத்தப்படுகிறது. எண்ணெய் மிச்சமாவது இத்தகைய சிறு சிறு சேமிப்புகளாலேதான். செலவு பாதியாகக் குறையும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம்.

இம்முறை நேற்று முளைத்ததன்று. மின்முறையில் இயங்கும் செலுத்தியுடன் வோக்ஸ்வாகன் 1600 கார் 1967-லேயே வெளிவந்தது. 1980-ல் கவாசாகி நிறுவனம் பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றில் இதைப் பொருத்தியது. ஏ.டி.வி. வண்டிகளுக்கு வந்தது வெகுநாள் கழித்தே. சுசுகியின் கிங்குவாட் 700 என்ற வண்டி 2005-ல் இம்முறையுடன் விற்பனைக்கு வந்தது. நம் நாட்டுச் சாலைகளில் பல்லாண்டுகளாக ஓடும் ஹோண்டா இ.எக்ஸ்.5 வண்டியும் முதலில் கார்புரேட்டருடனேயே வந்தது, பின்னர் எஃப்.ஐ. வகையும் வெளிவந்தது. புகையில் கலக்கும் நச்சைக் குறைக்க நாடுகள் இயற்றிய விதிகளே இம்மாற்றத்தை விரைவுபடுத்தின. புகைக்குழாயில் நச்சை முறிக்கும் பாகம் சரியாக வேலை செய்ய வேண்டுமானால் கலவை துல்லியமாக இருந்தாக வேண்டும்.

சரிவில் இது எவ்வாறு உதவுகிறது என்று இனி நீண்ட விளக்கம் தேவையில்லை. இங்கே மட்டம் காக்க வேண்டிய கிண்ணமே இல்லை. அழுத்தத்தில் நிற்கும் பெட்ரோலுக்கு மேடும் பள்ளமும் ஒன்றே. ஆயினும் தொட்டியில் எண்ணெய் மிகக் குறைந்திருக்கும்போது சரிவில் ஏறினால் பம்பின் வாய்க்குப் பெட்ரோல் எட்டாமல் போகும். மேலும், தொட்டிக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதே அந்தப் பெட்ரோல்தான். ஆதலால் எஃப்.ஐ. வண்டியைக் கடைசிச் சொட்டு வரை ஓட்டும் பழக்கம் கூடாது.

புதியதற்கும் நோய் உண்டு

புதிய முறையைப் புகழ்ந்து பேசுவோர் ஒன்றை மறந்துவிடுவார்கள். கார்பு வண்டி நின்றுவிட்டால் மரத்தடியிலேயே கிண்ணத்தைக் கழற்றித் துடைத்து, அரைமணி நேரத்தில் கிளப்பிவிடும் கைவன்மையுடையோர் ஒவ்வொரு தோட்டத்திலும் உள்ளனர். எஃப்.ஐ. வண்டியின் பம்போ கணினிப் பெட்டியோ பழுதானால் அந்தக் கைவன்மைக்கு அங்கே வேலையில்லை. பட்டணத்துப் பட்டறைக்குத்தான் கொண்டு செல்ல வேண்டும். உதிரிப் பாகமும் கார்புரேட்டரின் ஜெட்டைப்போலச் சில்லறை விலையில் கிடைக்காது.

அடுத்தது பேட்டரி. பழைய கப்சாய் வண்டிகள் பலவற்றில் பேட்டரி அறவே செத்திருந்தாலும் காலால் உதைத்துக் கிளப்பிவிடலாம். எஃப்.ஐ. வண்டியில் பம்பு சுழலவும் கணினிப் பெட்டி விழித்தெழவும் மின்சாரம் வேண்டும். பேட்டரி சற்றே தளர்ந்திருந்தால் உதைத்துக் கிளப்பிவிடக்கூடிய வகைகள் உண்டு. முற்றிலும் வறண்டிருந்தால் பெரும்பாலும் இயலாது. ஏ.டி.வி. வண்டிகள் பலவற்றில் உதைக்கும் கட்டையே கிடையாது. பெல்ட் மூலம் இயங்கும் வகையைத் தள்ளிக் கிளப்பவும் முடியாது. மழைக்காலத்தில் வெட்டு நின்று வண்டி கொட்டகையில் பல நாள் கிடக்குமானால், இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது பேட்டரிக்கு மின்னேற்றுவது நல்லது.

ஆயினும் எஃப்.ஐ. வண்டி தன் நோயைத் தானே சொல்லும் இயல்புடையது. சாவியைத் திறந்ததும் உடனே கிளப்பாமல் காதைக் கொடுத்துக் கேளுங்கள். தொட்டிப் பக்கம் "வீங்" என்று இரண்டு நொடி ஓர் ஒலி எழுந்து அடங்கும். அது பம்பு அழுத்தம் ஏற்றும் ஒலி. ஒலியே இல்லையென்றால் பேட்டரியையும் ஃபியூசையும் முதலில் பார்க்க வேண்டும். அதே வேளையில் முகப்பில் இயந்திரப் படம் போட்ட விளக்கு எரிந்து அணைய வேண்டும். ஓடும்போது அது எரிந்தாலோ சிமிட்டினாலோ, உணரிகளில் ஒன்று தவறான செய்தி தருகிறது என்று பொருள். சில வண்டிகளில் அந்தச் சிமிட்டலே எண்ணாகும். நீண்ட சிமிட்டல் பத்து, குறுகியது ஒன்று என்று எண்ணிச் சொன்னால், எந்தப் பாகம் என்று பட்டறைக்காரர் அட்டவணையைப் பார்த்துக் கண்டுபிடிப்பார். எண்ணிக் குறித்துவைத்துச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நல்ல பாகத்தையும் மாற்றிவிட்டுப் பணம் கேட்க இடமாகும்.

இன்னொரு செய்தி. வண்டி கவிழ்ந்தால் இயந்திரத்தைத் தானே நிறுத்தும் உணரி பல வண்டிகளில் உண்டு. கவிழ்ந்த வண்டியை நிமிர்த்திய பிறகும் அது கிளம்பாவிட்டால், "கெட்டுவிட்டது" என்று பதற வேண்டாம். சாவியை அணைத்து மறுபடி திறந்தால் பல வேளைகளில் கிளம்பிவிடும். எஃப்.ஐ. வண்டியின் பெட்ரோல் குழாயை மட்டும் நீங்களாகக் கழற்ற முயலாதீர். அழுத்தத்தில் நிற்கும் பெட்ரோல் பீறிட்டுச் சூடான இயந்திரத்தின் மீதோ கண்ணிலோ படும்.

பால் வாளியில் பெட்ரோல்

இரு முறைகளுக்கும் பொதுவான பகைவன் ஒன்று உண்டு. அது ரப்பர்த் தோட்டத்துக்கே உரியது. நாம் நேரில் கண்டதைச் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தோட்டத்திற்குச் சென்றிருந்தபோது நம் மோட்டார் சைக்கிளில் எண்ணெய் தீர்ந்துவிட்டது. அன்பர் ஒருவர் உதவ முன்வந்து, தம் வீட்டிலிருந்த பெட்ரோலைச் சிறு வாளி ஒன்றில் கொண்டுவந்து ஊற்றினார். நன்றி கூறிப் புறப்பட்டோம். மறுநாள் காலை வண்டி கிளம்பவில்லை. பட்டறைக்காரர் கார்புரேட்டரைக் கழற்றினார். ஜெட்டின் வாயில் தேன்போன்ற ஒட்டும் பொருள். "இது என்ன, டியூப் ஒட்டுகிற பசையா?" என்று அவர் நம்மைக் கேட்டார்.

அவர் கேட்டது முற்றிலும் சரி. அந்த வாளி பால் வாளி. அதன் உட்புறத்தில் காய்ந்து ஒட்டியிருந்த மெல்லிய பால் ஏடு பெட்ரோலில் கரைந்திருந்தது. பச்சை ரப்பரைப் பெட்ரோல் போன்ற திரவத்தில் ஊறவைத்தால் அது உப்பிக் கரைந்து பசையாகும். மிதிவண்டி டியூப்புக்கு ஒட்டுப் போடும் பசையும் இவ்வாறு செய்யப்படுவதே. நாளெல்லாம் ரப்பரோடு பழகும் நமக்கு இது தோன்றாமல் போனது வியப்புத்தான். கார்புரேட்டராக இருந்ததால் ஒரு மணி நேரத்தில் துடைத்துச் சரிசெய்தார்கள். அதே பசை எஃப்.ஐ. வண்டியின் தொட்டிக்குள் போயிருந்தால் பம்பின் வடிகட்டியையும் இன்ஜெக்டரின் நுண்துளைகளையும் அடைத்திருக்கும். செலவும் அதற்கேற்ப ஏறியிருக்கும். ஆகையால் பெட்ரோலுக்கென்று மூடியுள்ள தனிக் கலன் வைத்துக்கொள்ளுங்கள். பால் வாளியோ பால் டின்னோ எவ்வளவு கழுவினாலும் அதற்கு உதவாது.

ஃபார்மிக் அமிலமும் அம்மோனியாவும் வைத்திருக்கும் கொட்டகையில் வண்டியை நிறுத்துவதும் தவறு. அம்மோனியா ஆவி பித்தளையையும் செம்பையும் அரிக்கும். அமில ஆவி மற்ற உலோகங்களையும் விடாது. கார்பு வண்டியில் ஜெட் கெடும், எஃப்.ஐ. வண்டியில் உணரிகளின் மின்முனைகளில் பச்சை பூத்துச் செய்தி தடைபடும். உணரி கெட்டதென்று மாற்றப்பட்ட இடங்களில், மின்முனையைத் துடைத்திருந்தாலே போதுமாயிருந்தது என்பதும் உண்டு. வண்டியைக் கழுவும்போது நீரைப் பீய்ச்சி அடிக்காமல் ஊற்றிக் கழுவ வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான்.

அவருக்கு நாம் சொன்னதும், சொல்லாமல் விட்டதும்

இப்போது அந்தப் பால்வெட்டுத் தொழிலாளரின் கேள்விக்கு வருவோம். கார்பு வண்டிக்குக் காலம் போய்விட்டதா? விற்பனைக்கு வரும் புதிய வண்டிகளைப் பார்த்தால், ஆம். வீட்டில் நிற்கும் வண்டியைப் பார்த்தால், இல்லை. இயந்திரத்தின் உட்பாகங்கள் தேயாமல், புகை நீலமாகாமல் ஓடும் வண்டியை, கார்புரேட்டர் என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிடத் தேவையில்லை. காலையில் கிளம்ப அடம்பிடிக்கும் வண்டிக்கு, ஜெட், மிதவை ஊசி, காற்று வடிகட்டி, பிளக் ஆகியவற்றை மாற்றிப் பார்த்துவிட்டே முடிவெடுக்க வேண்டும். அதற்காகும் செலவு தவணைக் கணக்கின் முன் சிறியது. நீலப்புகை வருமானால் அது எரியும் இயந்திர எண்ணெய். அந்த நோய்க்குக் கார்புரேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

வண்டி உண்மையாகவே ஓய்ந்துவிட்டதென்றால், புதிதாக எடுப்பது எஃப்.ஐ. வண்டியாகவே இருக்கட்டும். பழையதாகத் தேடிக் கார்பு வண்டி வாங்க நினைப்பவர், அந்த வகைக்கு உதிரிப் பாகம் அருகில் கிடைக்கிறதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். மேட்டுக்காட்டு ஏ.டி.வி.யைப் பொறுத்தவரை நமக்கு இரண்டாம் கருத்தில்லை: எஃப்.ஐ. முறையே சிறந்தது. அதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். எஃப்.ஐ. முறை வண்டியை மேட்டில் அணையாமல் காக்குமேயன்றிக் கவிழாமல் காக்காது. தலைக்கவசமின்றி ஓட்டுவதும், ஒருவர்க்குரிய இருக்கையில் பின்னால் இன்னொருவரை ஏற்றுவதும், சரிவில் குறுக்கே திருப்புவதும் எந்த வண்டியிலும் உயிருக்கு உலை வைக்கும்.

அந்த நண்பரை இரண்டு மாதம் கழித்து அதே தோட்டத்தில் மீண்டும் சந்தித்தோம். தம் கார்பு வண்டியை அவர் விற்கவில்லை. மிதவை ஊசி தேய்ந்து பெட்ரோல் வழிந்துகொண்டிருந்ததாம். ஊசியையும் சிறிய ஜெட்டையும் மாற்றியிருக்கிறார். மாலையில் வீட்டுக்கு வந்ததும் பெட்ரோல் குழாயை அடைத்துவிடுகிறாராம். காலையில் அதைத் திறந்து சோக்கை இழுத்து இரண்டு உதை, கிளம்பிவிடுகிறது. மேட்டுக்காட்டிற்குப் போய் ஏ.டி.வி.யில் அமர்ந்ததும் சாவியைத் திறந்துவிட்டு இரண்டு நொடி சும்மா இருக்கிறார். உடன் ஓட்டும் இளைஞர், "என்ன அண்ணே, சாமி கும்பிடுகிறீர்களா?" என்று கேலி செய்தாராம். "இல்லை தம்பி, பம்பு பேசுகிறதா என்று கேட்கிறேன்" என்றாராம் இவர்.